கரடியை எழுப்பிவிட்டு அம்பு எய்தவர்

பாறைத் திட்டின் மேல் ஒரு கரடி தூங்கிக் கொண்டிருந்தது. செம்பழுப்பு நிறம். அமெரிக்காவின் கறுப்புக் கரடி இனத்தில் எல்லாமே கறுப்பாக இருப்பதில்லை. லவங்கப் பட்டை நிறத்திலும் உண்டு. இது அந்த வகை.

பார்த்தவர் ஒரு வாலிபர். தனியாக வந்திருந்தார். கையில் வில். கூடவே, கூரிய கல் பதித்த குட்டை ஈட்டி ஒன்று. ஓசை எழாமல் நெருங்கினார். தூங்குகிற கரடி மீது அப்படியே அம்பை விட்டிருக்கலாம். விடவில்லை. உரக்க ஒரு சீட்டி அடித்தார்.

கரடி திடுக்கிட்டு எழுந்து, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றது. மார்பு தெரிந்தது. அம்பு அங்கே பாய்ந்தது. உறுமிக்கொண்டே அது திட்டில் இருந்து கீழே விழுந்தது. வாலிபரும் அதன் பின்னாலேயே குதித்தார். ஈட்டியை அதன் இருதயத்தில் செருகினார்.

அந்தக் கரடியின் தோல் பிற்காலத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரத்து மியூசியம் ஒன்றில் தொங்கியது. அதே மியூசியத்தில்தான், கரடியைக் கொன்றவர் துடைப்பம் பிடித்து, மாதம் 25 டாலர் சம்பளம் வாங்கினார்.

அவருடைய பெயர் இஷி. உண்மையில் அது அவருடைய பெயர் அல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மான் ஓடை மக்கள்

கலிபோர்னியா மாநிலத்தின் வடக்கே லாசன் என்ற எரிமலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் மான் ஓடை, மில் ஓடை என்று இரண்டு ஓடைகள். இருபுறமும் செங்குத்தான பாறைகள், முள்ளும் புதருமான காடு. அங்கே யாகி என்னும் செவ்விந்தியர்கள் வாழ்ந்தார்கள். யானா என்ற பெரிய இனத்தின் தென் கோடிப் பிரிவு அவர்கள். மொத்தமே சில நூறு பேர்தான். ஓடையில் சால்மன் மீன், காட்டில் மான், ஓக் மரத்தின் கொட்டையை இடித்த மாவு. இதுதான் சாப்பாடு.

1849-ம் ஆண்டு கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி வெள்ளையர்கள் படையெடுத்தார்கள். ஓடைகள் கலங்கின. மேய்ச்சலுக்கு மாடும் ஆடும் வந்தன. மான்கள் குறைந்தன. பசியில் யாகிகள் ஆடு மாடுகளைப் பிடித்தார்கள். பதிலுக்கு வெள்ளையர்கள் கூட்டம் சேர்த்துக்கொண்டு யாகிகளை வேட்டையாடினார்கள்.

வேட்டை என்றுதான் சொல்ல வேண்டும். 1865-ம் ஆண்டு, விடியற்காலையில் ஒரு குடியிருப்பைச் சூழ்ந்து சுட்டார்கள். பிழைத்து ஓடியவர்களில் ஒரு தாயும் அவளுடைய சிறு மகனும் இருந்தார்கள். அந்தச் சிறுவன்தான் இஷி. சில ஆண்டுகள் கழித்து, ஒரு குகையில் ஒளிந்திருந்த சுமார் 30 பேரை நாலு மாட்டுக்காரர்கள் சேர்ந்து கொன்றார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம்.

அதோடு யாகி இனமே தீர்ந்தது என்று வெள்ளையர்கள் நினைத்தார்கள். மிஞ்சிய ஒரு கைப்பிடி மக்கள் காட்டுக்குள் மறைந்தார்கள். சுமார் 40 ஆண்டுகள் யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை.

எப்படி முடிந்தது? கல் விட்டுக் கல் தாவி நடந்தார்கள், காலடித் தடம் விழாது. புகை மேலே எழும்பாதபடி சிறு தீ மூட்டினார்கள். புதருக்கு அடியில் நாலு காலில் தவழ்ந்து போனார்கள். செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்கி மீன் பிடித்தார்கள். கடைசியாக அவர்கள் குடியிருந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள், கரடி ஒளியும் இடம் என்பது. கரடி என்றால் சாதாரணக் கரடி அல்ல, கிரிஸ்லி என்னும் பெரிய கரடி. கலிபோர்னியாவின் கொடியில் இன்றும் அந்தக் கரடியின் படம் இருக்கிறது. கரடி இல்லை. 1920-களோடு அந்த மாநிலத்தில் அது பூண்டோடு அழிந்துவிட்டது.

கரடி வேட்டை

யாகிகள் அந்தப் பெரிய கரடியைத் தனி ஆளாக எதிர்க்க மாட்டார்கள். பல பேர் சேர்ந்து வளைப்பார்கள். சுற்றிலும் தீ மூட்டுவார்கள். கரடி கோபத்தில் வாயைத் திறக்கும்போது வாய்க்குள் அம்பு விடுவார்கள். யார் மீதாவது பாய்ந்தால் அவர் கொள்ளிக்கட்டையை நீட்டித் தடுப்பார். மற்றவர்கள் பக்கவாட்டில் எய்வார்கள். கரடி ரத்தம் வடிந்து ஓயும் வரையில் இந்தப் போராட்டம் நடக்கும்.

அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அடித்து வீழ்த்துவதில்லை. உள்ளே வெட்டி, ரத்தத்தை வெளியேற்றிக் கொல்லும். ஆகவே எங்கே படுகிறது என்பதே எல்லாம். கரடி சுருண்டு படுத்திருந்தால் தோளெலும்பும் கொழுப்பும் அம்பைத் தடுத்துவிடும். எழுந்து நின்றால் மார்பு திறந்து கிடக்கும். இஷி சீட்டி அடித்ததில் வீரம் இருந்தது. கணக்கும் இருந்தது என்று நினைக்கிறேன்.

மூவரும் போன பிறகு

1908-ம் ஆண்டு நவம்பர் மாதம் மின்சாரக் கம்பெனிக்காக நிலம் அளக்க வந்தவர்கள் அந்தக் குடியிருப்பைக் கண்டுபிடித்தார்கள். அப்போது மிஞ்சியிருந்தவர்கள் நாலே பேர். இஷி, அவருடைய தாய், உறவுப் பெண் ஒருத்தி, ஒரு கிழவர். தாயால் நடக்க முடியாது. போர்வைகளுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள்.

வந்தவர்கள் கிழவியை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வில், அம்பு, கூடை, தோல் போர்வை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் வேடிக்கைப் பொருளாக எடுத்துப் போனார்கள். குளிர்காலம் வரப்போகிற நேரம் அது. மறுநாள் வந்து பார்த்தபோது கிழவி இல்லை. மகன் தூக்கிப் போய்விட்டார். சில நாட்களில் அவள் இறந்தாள். மற்ற இருவரையும் இஷி மறுபடி பார்க்கவே இல்லை.

கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் தன்னந்தனியாக இருந்தார். பேச ஆள் இல்லை. துக்கத்துக்கு அடையாளமாகத் தலைமுடியைத் தீயால் பொசுக்கிக் கொண்டார்.

1911-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, ஒரோவில் என்ற ஊருக்கு வெளியே உள்ள மாட்டுக் கசாப்புக் கொட்டடியில் நாய்கள் குரைத்தன. வேலியோரம் ஒரு மனிதர் ஒடுங்கிக் கிடந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். வயது 50 இருக்கும். ஷெரீப் வந்து கூட்டிப்போனார். என்ன செய்வது என்று தெரியாமல் சிறையில் ஓர் அறையில் வைத்தார். அடைத்தார் என்பதைவிட, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் இருந்து காப்பாற்றினார் என்று சொல்லலாம்.

எந்த மொழியில் பேசினாலும் அந்த மனிதருக்குப் புரியவில்லை.

ஒரு சொல்

செய்தியைப் பத்திரிகையில் படித்தார் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பிரட் குரோபர். தன்னோடு வேலை பார்த்த வாட்டர்மேன் என்பவரை அனுப்பினார். வாட்டர்மேன் ஒரு தாளை எடுத்துப் போனார். அதில் வடக்கு யானா மொழிச் சொற்கள் எழுதியிருந்தன. உச்சரிப்பு சரியா, தப்பா என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொன்றாகப் படித்தார். எதிரில் இருந்தவர் முகத்தில் அசைவே இல்லை.

கடைசியில் சிவினி என்ற சொல் வந்தது. ஒரு வகைப் பைன் மரத்துக்குப் பெயர். வாட்டர்மேன் கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டிக் காட்டினார். அது பைன் மரம். இஷியின் முகம் மலர்ந்தது. இரண்டு பேரும் கட்டிலைத் தட்டித் தட்டி அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பாஷை தெரியாத ஊரில், பஸ் நெரிசலில், எங்கிருந்தோ நம் பேச்சு ஒரு வார்த்தை காதில் விழுந்தால் எப்படித் திரும்பிப் பார்ப்போம்? அதை ஆயிரம் மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 4-ந் தேதி ரெயிலில் சான்பிரான்சிஸ்கோவுக்குக் கூட்டிப் போனார்கள். அதுவரை மலையில் இருந்து தூரத்துப் புகையாகவே அவர் ரெயிலைப் பார்த்திருந்தார். பல்கலைக்கழக மியூசியத்தில் தங்கினார். நிருபர்கள் பெயரைக் கேட்டு நச்சரித்தார்கள். தன் பெயரைத் தானே சொல்வது யாகி வழக்கம் இல்லை. வேறொருவர் சொல்ல வேண்டும். சொல்ல யாரும் உயிரோடு இல்லை. ஆகவே குரோபர், மனிதன் என்று பொருள்படும் இஷி என்ற சொல்லையே பெயராக வைத்தார். உண்மைப் பெயர் அவரோடு போய்விட்டது.

அரை டாலர் காசுகள்

மியூசியத்தில் தரை கூட்டும் வேலை கொடுத்தார்கள். சம்பளச் செக்கின் பின்னால் போட வேண்டும் என்பதற்காகக் கையெழுத்து கற்றுக்கொண்டார். சம்பளத்தை அரை டாலர் வெள்ளிக் காசுகளாக மாற்றிக் கேட்பார். போட்டோ பிலிம் வரும் வட்ட டப்பாவில் அந்தக் காசு கச்சிதமாக உட்காரும். டப்பாவுக்கு 40 காசு, 20 டாலர். நிரம்பிய டப்பாக்களை மியூசிய இரும்புப் பெட்டியில் வைப்பார். அவ்வப்போது எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்.

கடைக்குத் தானே போய்ச் சாமான் வாங்கினார். டிராம் வண்டியில் போய் வந்தார். உயர்ந்த கட்டிடங்களைக் கண்டு அசரவில்லை. அவருடைய மலைப்பாறைகள் அதைவிட உயரம். முதல் முதலாகக் கடற்கரைக்குப் போனபோது கடலைவிட அங்கே இருந்த ஜனக்கூட்டம்தான் அவரைத் திகைக்க வைத்தது. அத்தனை மனிதர்கள் உலகில் இருப்பார்கள் என்று அவர் நினைத்ததில்லை.

ஒன்று மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த மியூசியத்தில் செத்தவர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதே கூரையின் கீழ்தான் அவர் தூங்க வேண்டியிருந்தது.

டாக்டர் சிஷ்யன்

மியூசியத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே சாக்ஸ்டன் போப் என்ற அறுவை சிகிச்சை டாக்டர் இருந்தார். இஷிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், 1912-ம் ஆண்டு முதல் அவரிடம் வில் வித்தை கற்கத் தொடங்கினார். பட்டம் பெற்ற டாக்டர், கூட்டித் துடைப்பவரிடம் பாடம் கேட்டார்.

வில்லுக்கு மலை ஜூனிபர் மரம். நீளம் மூன்றரை அடி. முதுகுப் பக்கம் மான் நரம்பை மென்று பதப்படுத்தி ஒட்டுவார். சால்மன் மீன் தோலைக் காய்ச்சி எடுத்ததுதான் பசை. அந்தச் சின்ன வில்லை முழுக்க இழுக்க சுமார் 20 கிலோ பலம் வேண்டும். அம்பு முனைக்கு எரிமலைக் கண்ணாடிக் கல்லை மான் கொம்பால் அழுத்திச் சில்லுச் சில்லாகப் பெயர்ப்பார். பட்டணத்தில் கல் கிடைக்காதபோது மருந்துப் புட்டிக் கண்ணாடியிலேயே அம்பு முனை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பார்க்க மியூசியத்தில் கூட்டம் கூடும்.

நாணைக் கட்டை விரலால் இழுப்பது அவருடைய முறை. ஆங்கிலேய வில்லாளிகள் மூன்று விரலால் இழுப்பார்கள். துரோணர் ஏகலைவனிடம் ஏன் கட்டை விரலைக் கேட்டார் என்பது இஷியின் கையைப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும். வில்லை யாரும் தாண்டக் கூடாது, சும்மா நிற்க வைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும் என்பார். நிற்கிற வில் வேலை செய்துகொண்டே இருக்கும், களைத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

பலகையில் வட்டம் போட்டுக் குறி பார்த்து எய்வதில் இஷி அவ்வளவு கெட்டி அல்ல. டாக்டரே ஜெயித்துவிடுவார். காட்டுக்குள் போனால் கதை வேறு. வேட்டைக்கு முன் இஷி மீன் சாப்பிட மாட்டார், புகைக்க மாட்டார், குளித்துவிட்டுப் புறப்படுவார். உடம்பில் வாசனை இருக்கக் கூடாது. மான் தலையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு புதருக்கு மேல் ஆட்டுவார். மான் வேடிக்கை பார்க்க வரும். விரலை உதட்டில் வைத்து, அடிபட்ட முயல் போலக் கீச்சிடுவார். ஒரே பிற்பகலில் 12 இடங்களில் இப்படிக் கூப்பிட்டதில் ஐந்து முயல்களும் ஒரு காட்டுப் பூனையும் வந்ததாக டாக்டர் எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, ஏமாற்றி வரவழைப்பது இஷிக்கும் தெரியும். பசிக்கு வேட்டையாடுகிறவர் அதில் தர்ம நியாயம் பார்க்க முடியாது. ஆனால் தன் உடம்பைப் பிராணியின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் ஏமாற்றினார்.

திரும்பிப் போன நாள்

1914-ம் ஆண்டு மே மாதம் குரோபர், வாட்டர்மேன், போப், போப்பின் சிறு மகன் ஆகியோர் இஷியை மான் ஓடைக்கு அழைத்துப் போனார்கள். அவருக்குப் போக மனம் இல்லை. அங்கே இறந்தவர்கள் முறைப்படி கரையேறாமல் திரிகிறார்கள் என்று பயந்தார். வற்புறுத்தல் தாங்காமல் சம்மதித்தார். போன பிறகு ஒளிந்திருந்த இடம், மீன் பிடித்த மடு எல்லாம் காட்டினார். ஓடையில் நீந்தினார். அந்தச் சிறுவனுக்கு அவர் ஒரு மாமா மாதிரி ஆகிவிட்டார். பார்த்ததும் போதும் என்று ஆனபோது, ஊருக்குத் திரும்ப முதலில் அவசரப்பட்டவரும் அவரே. ஊர் என்றால் இப்போது மியூசியம்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போவார். கைகளைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாக நின்று, தெரிந்த நாலு வார்த்தையில் ஆறுதல் சொல்வார். விடைபெறும்போது நம்மவர்கள் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், வருகிறேன் என்பார்கள். இஷி நேர்மாறு. தான் போவதாகச் சொல்லி, இருப்பவரை இருக்கச் சொல்வார்.

காட்டில் 40 ஆண்டு அண்டாத நோய் பட்டணத்தில் பிடித்தது. காச நோய். 1915-ம் ஆண்டு கோடையில் எட்வர்ட் சபீர் என்ற மொழி அறிஞருக்குத் தன் மொழியை மணிக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார். சேர்ந்தாற்போல் படுத்துவிட்டார். 1916-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி இறந்தார்.

கேட்காத பேச்சு

இறந்தவர் உடலை வெட்டுவது இஷியின் மக்களுக்கு ஆகாத காரியம். நியூயார்க்கில் இருந்த குரோபருக்கு இது தெரியும். அறுக்கக் கூடாது, விஞ்ஞானம் எப்படிப் போனாலும் சரி என்று கோபமாகவே கடிதம் எழுதினார். பயன் இல்லை. பிரேத பரிசோதனை நடந்தது. அதற்கு இணங்கியவர்களில் சிஷ்யர் போப்பும் ஒருவர். மூளையைத் தனியே எடுத்தார்கள்.

உடலைத் தகனம் செய்தபோது கூடவே அவருடைய வில், ஐந்து அம்பு, ஒரு கூடை ஓக் மாவு, புகையிலை ஆகியவற்றை வைத்தார்கள். சாம்பலை ஒரு மண் ஜாடியில் போட்டு, நகருக்கு அருகே கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள்.

மூளை? ஊர் திரும்பிய குரோபரே அதை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். எதற்கு என்று இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக் கொள்கிறார்கள். இஷியை நேசித்தவர் அவர். அதில் சந்தேகம் இல்லை. அதனால்தான் மனசு ஆறவில்லை.

போப் 1920-ம் ஆண்டு நண்பர் ஆர்தர் யங்குடன் எல்லோஸ்டோன் போய், மியூசியத்துக்காக கிரிஸ்லி கரடிகளை அம்பால் கொன்றார். அதற்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். கலிபோர்னியாவில் நாய்களை ஏவி, மரத்தில் ஏறிய கறுப்புக் கரடியையும் எய்தார்கள். இஷியின் வித்தையைப் புத்தகமாக எழுதினார். 1926-ம் ஆண்டு காலமானார். வழக்கொழிந்துகொண்டிருந்த வில் வேட்டை அமெரிக்காவில் மறுபடி தலையெடுக்க அந்தப் புத்தகம் பெரிய காரணம். 1961-ம் ஆண்டு போப், யங் இருவர் பெயராலும் வில் வேட்டைக்காரர் சங்கம் ஒன்று ஏற்பட்டது.

இன்று அந்த நாட்டில் வில்லோடு கரடி வேட்டைக்குப் போகிறவர்கள் பல ஆயிரம் பேர். மெயின், மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் முறையே வேறு. பீப்பாயில் பழைய ரொட்டி, இனிப்புப் பண்டம், கொழுப்பு எல்லாம் போட்டு வைப்பார்கள். கரடி தின்று பழகும். பக்கத்து மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து, இருபது கஜத்தில் எய்வார்கள். குட்டியோடு வருகிற தாயைப் பார்த்து விட்டுவிடலாம், குறி தப்பாது, கரடி துடிக்காது என்று அவர்கள் காரணம் சொல்கிறார்கள். அந்தக் காரணம் தள்ளக்கூடியது அல்ல. இரை வைப்பதைத் தடுக்க வேண்டும் என்று மெயினில் 2004-லும் 2014-லும் மக்கள் ஓட்டு நடந்தது. இரண்டு முறையும் தடை தோற்றது. கலிபோர்னியாவில் இரை வைக்க அனுமதி இல்லை. 2013 முதல் நாய்களை ஏவவும் கூடாது.

இவர்களில் இஷியை மதிப்பவர்கள் உண்டு. குரு என்பார்கள்.

இஷியின் மூளை எங்கே என்று கலிபோர்னியாவின் செவ்விந்தியர்கள் பல ஆண்டு தேடினார்கள். 1999-ம் ஆண்டு ஸ்மித்சோனியன் கிடங்கில் இருப்பது உறுதியாயிற்று. யாகி இனம் முடிந்தாலும் யானா வழியில் வந்தவர்கள் வேறு இனத்தாரோடு கலந்து இருந்தார்கள். ரெட்டிங், பிட் ஆறு ஆகிய இடங்களில் உள்ள அந்த உறவினர்களிடம் 2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மூளை ஒப்படைக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் 84 ஆண்டு இருந்த சாம்பலையும் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். இரண்டையும் ஒன்று சேர்த்து, அவர் பிறந்த மலைப்பக்கம் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று வெளியாருக்குச் சொல்லவில்லை.